பிள்ளை 14ஆம் வரிசையில், அம்மா 26இல்: விமானத்தில் குடும்பம் சேர்ந்து உட்கார என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: ஈரோட்டிலிருந்து எழுதுகிறேன். மே மாத விடுமுறையில் கோவையிலிருந்து டெல்லி வழியாக அமிர்தசரஸ் போய்வரத் திட்டமிட்டிருக்கிறோம். நான், கணவர், 9 வயது மகள், 4 வயது மகன், மூட்டுவலி உள்ள 70 வயது மாமியார், ஆக ஐந்து பேர். போன தடவை டெல்லி போனபோது, மூன்று பேருக்குத் தேடினால் ஒரு விலையும் ஐந்து பேருக்குத் தேடினால் கூடுதல் விலையும் காட்டியதால் டிக்கெட்டை இரண்டாகப் பிரித்துப் போட்டோம். கணவரும் இரண்டு குழந்தைகளும் ஒன்றில். நானும் மாமியாரும் இன்னொன்றில். சீட்டுக்குத் தனியாகப் பணம் கட்டவில்லை. அவர்கள் மூவருக்கும் 14, 15ஆம் வரிசைகள் வந்தன. எங்கள் இருவருக்கும் 26உம் 29உம். மகன் என்னைத் தேடி அழ, விமானத்துக்குள் ஒவ்வொருவரிடமாகக் கெஞ்சித்தான் மாற்றி உட்கார முடிந்தது. இந்த முறை ஐந்து பேருக்கும் சீட்டுப் பணம் கட்டித்தான் ஆகவேண்டுமா? குழந்தைகளுக்கென்று விதி எதுவும் கிடையாதா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

விதி இருக்கிறது. ஐந்து பேருக்கும் கட்ட வேண்டியதும் இல்லை. போக இரண்டு விமானம், வர இரண்டு விமானம் என்று உங்கள் பயணத்தில் மொத்தம் 20 சீட் வருகிறது. அதில் எட்டுக்குக் கட்டினால் நிம்மதியாகப் போய்வரலாம். ஆனால் ஐந்து பேரும் ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில், இருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். போன தடவை உங்களுக்கு நடந்ததன் மூலகாரணமும் அந்தப் பிஎன்ஆர்தான்.

2024 ஏப்ரலில் டிஜிசிஏ, அதாவது நம் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், விமானக் கட்டணங்கள் பற்றிய தன் சுற்றறிக்கையைத் திருத்தியது. 12 வயது வரையுள்ள குழந்தைக்கு, அதே பிஎன்ஆரில் பயணம் செய்யும் பெற்றோரில் அல்லது பாதுகாவலரில் ஒருவரோடாவது சேர்த்து சீட் ஒதுக்க வேண்டும், அப்படி ஒதுக்கியதற்குப் பதிவும் வைத்திருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. சீட்டுக்குப் பணம் கட்டியவர்களுக்கு மட்டும்தான் என்ற நிபந்தனை அதில் இல்லை.

இதில் இரண்டு சொற்களை நன்றாகக் கவனியுங்கள்: 'அதே பிஎன்ஆரில்', 'ஒருவரோடாவது'. உங்கள் மகன் இருந்த பிஎன்ஆரில் அவன் அப்பா இருந்தார். அப்பாவின் பக்கத்தில் பிள்ளைக்கு இடம் கிடைத்துவிட்டது. விமான நிறுவனத்தின் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை விதி நிறைவேறிவிட்டது. இன்னொரு பிஎன்ஆரில் இருக்கும் நீங்கள்தான் அந்தப் பிள்ளையின் அம்மா என்பது அதற்குத் தெரிய வழியே இல்லை. ஒரே இனிஷியல், ஒரே போன் நம்பர், ஒரே கிரெடிட் கார்டு என்பதையெல்லாம் வைத்து அது குடும்பம் சேர்க்காது.

ஏன் இப்படிச் சிதறிப் போகிறது?

ரயிலில் டிக்கெட் உறுதியானால் அப்போதே பெட்டியும் படுக்கை எண்ணும் வந்துவிடும். ஒரே டிக்கெட்டில் உள்ளவர்களை முடிந்தவரை அக்கம்பக்கமாகப் போடுவார்கள். விமானத்தில் நாம் வாங்குவது அந்த விமானத்தில் ஓர் இடம், அவ்வளவுதான். எந்த இடம் என்பது தனி வியாபாரம். முன்வரிசைகள், அவசரவழி வரிசைகள், ஜன்னலோரம், நடைபாதையோரம் என்று விலைபோகக்கூடியவற்றைக் கடைசிவரை விற்பனைக்கு வைத்திருப்பார்கள். பணம் கட்டாதவர்களுக்குத் தானாக ஒதுக்கும்போது, பின்பாதியில் உள்ள நடு சீட்டுகள்தான் முதலில் போகும்.

உள்நாட்டில் நாம் அதிகம் ஏறும் ஏர்பஸ் ஏ320, போயிங் 737 இரண்டிலும் நடைபாதைக்கு இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. ஏ ஜன்னல், பி நடு, சி நடைபாதை. டி நடைபாதை, இ நடு, எஃப் ஜன்னல். ஒரு வரிசைக்கு நடு சீட் இரண்டுதான், அவையும் நடைபாதைக்கு இருபுறமும் எதிரெதிராக இருக்கின்றன. அப்படியென்றால் நடு சீட்டுகளை மட்டும் வைத்து யாரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைக்கவே முடியாது. இலவச சீட்டில் போகும் நால்வர் 21பி, 23இ, 26பி, 29பி என்று சிதறுவதற்கு இந்த அமைப்பே போதும். யாரும் உங்களைப் பார்த்துப் பிரித்தார்கள் என்று நினைக்க வேண்டாம். அதே சமயம் இந்த அமைப்பு நிறுவனத்துக்கு லாபம் தருகிறது, அதனால் அவர்களாக மாற்றிக்கொள்ள மாட்டார்கள் என்பதும் உண்மை. குழந்தைகளுக்கு விதி தேவைப்பட்டது அதனால்தான்.

டிக்கெட் போடும்போதே முடிவாகும் விஷயம்

மூன்று பேருக்கு ஒரு விலை, ஐந்து பேருக்கு வேறு விலை என்று எழுதியிருந்தீர்கள். ஒரே விமானத்தில் டிக்கெட்டுகளைப் பல விலை அடுக்குகளாகப் பிரித்து வைத்திருப்பார்கள். கீழ் அடுக்கில் மூன்றே டிக்கெட் மீதமிருக்கும்போது ஐந்து பேருக்குத் தேடினால், ஐந்தையும் அடுத்த அடுக்கின் விலையில்தான் காட்டும். பிரித்துப் போட்டால் மூன்று பேருக்கு மிச்சம். உதாரணத்துக்கு, ஆளுக்கு 300 ரூபாய் வித்தியாசம் என்றால் 900 ரூபாய். அந்த 900 ரூபாய்க்காக நீங்கள் விட்டுக்கொடுப்பது, குழந்தையோடு எந்தப் பெரியவர் உட்கார்ந்தாலும் விதி உங்கள் பக்கம் நிற்கும் என்ற வசதியை. சிறு குழந்தை இருக்கும் வீட்டுக்கு இது நல்ல பேரம் இல்லை என்பது என் கருத்து.

வித்தியாசம் ஆளுக்கு ஆயிரம், இரண்டாயிரம் என்று போனால் பிரிக்கத்தான் தோன்றும். அப்போது சரியாகப் பிரியுங்கள். மகன் யாரைத் தேடி அழுவானோ அவரும் மகனும் ஒரு பிஎன்ஆர். கணவர், மகள், மாமியார் இன்னொன்று. டிக்கெட் போட்ட கையோடு நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணை அழைத்து, இரண்டு பிஎன்ஆரும் ஒரே குடும்பம் என்று ஒன்றில் மற்றொன்றைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். தானாக சீட் போடும் கம்ப்யூட்டர் இந்தக் குறிப்பைப் பார்க்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர் திரையைத் திறந்தால் பார்ப்பார், அதற்குத்தான் பயன். தனித்தனியாகப் போட்ட இரண்டு பிஎன்ஆரைப் பிறகு ஒன்றாக்குவது பொதுவாக நடக்காது. ஒன்றை இரண்டாக்குவது சுலபம். கணவருக்கு லீவு கிடைக்கவில்லை என்று அவர் ஒருவரின் தேதியை மாற்றினாலே பிஎன்ஆர் பிரிந்துவிடும். அப்படி மாற்ற நேர்ந்தால் உடனே மீதிப் பேரின் சீட்டுகளைச் சரிபாருங்கள்.

டிக்கெட் விற்கும் இணையதளங்களில் வாங்கினால் அவர்கள் கொடுக்கும் புக்கிங் எண் வேறு, விமான நிறுவனத்தின் பிஎன்ஆர் வேறு. நிறுவனத்தின் பிஎன்ஆரில் எழுத்து, எண் எல்லாம் சேர்த்து மொத்தம் ஆறு இருக்கும். சீட் விஷயத்தில் செல்லுபடியாவது அது ஒன்றுதான். அதோடு, குழந்தைகளைக் 'குழந்தை' என்ற பிரிவில், சரியான வயதோடு பதிவு செய்யுங்கள். இரண்டு வயது தாண்டிய குழந்தைக்கு உள்நாட்டு விமானத்தில் பெரும்பாலும் பெரியவர்களுக்கு உள்ள கட்டணமேதான் என்பதால் சிலர் எல்லாரையும் பெரியவர் என்றே போட்டுவிடுகிறார்கள். அப்புறம் குழந்தை இருப்பதே கம்ப்யூட்டருக்குத் தெரியாது. எந்த விதியைச் சொல்லிக் கேட்பது?

பணம் கட்டும் பக்கத்துக்கு முன் சீட் வரைபடம் வந்து நிற்கும். அதைத் தாண்டவே முடியாது என்று நினைத்துப் பலர் கட்டிவிடுகிறார்கள். சீட் தேர்வு என்பது பயணி விரும்பினால் மட்டுமே சேர்க்க வேண்டிய கட்டணம் என்பதும் அதே சுற்றறிக்கையில் இருக்கிறது. தேர்ந்தெடுக்காமல் தொடர்வதற்கான பொத்தான் அந்தப் பக்கத்தில் எங்காவது சின்னதாக இருக்கும். அதை அழுத்திவிட்டு டிக்கெட்டை முடித்துவிட்டு, நிதானமாக நிறுவனத்தின் தளத்தில் பிஎன்ஆரைப் போட்டு சீட் பார்க்கலாம். மே மாத விடுமுறைக் கூட்டத்தில் இதைத் தள்ளிப்போடாமல் ஓரிரு நாளிலேயே செய்துவிடுங்கள்.

எந்த எட்டு சீட்?

கோவை–டெல்லி ஏறக்குறைய மூன்று மணி நேரம். டெல்லி–அமிர்தசரஸ் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம்தான். இரண்டுக்கும் ஒரே அளவு செலவு செய்யத் தேவையில்லை.

நீண்ட பயணத்துக்கு, அதாவது கோவை–டெல்லிக்கும் திரும்பும் டெல்லி–கோவைக்கும், ஒரே வரிசையில் ஐந்து சீட் எடுங்கள். 24ஆம் வரிசை என்று வைத்துக்கொள்வோம். 24ஏ மகன், 24பி நீங்கள், 24சி மாமியார், நடைபாதைக்கு அந்தப் பக்கம் 24டி கணவர், 24இ மகள். பின்பாதியில் பி, இ இரண்டு நடு சீட்டும் பல நேரம் கட்டணமில்லாமல் அல்லது மிகக் குறைந்த கட்டணத்தில் இருக்கும். ஆக ஏ, சி, டி மூன்றுக்குத்தான் செலவு. ஒவ்வொரு குழந்தையும் ஒரு பெரியவரோடு ஒட்டி இருக்கிறது. மாமியாருக்குக் கால் நீட்டவும் கழிவறைக்கு எழுந்து போகவும் நடைபாதை ஓரம். அவர் எழும்போது கைகொடுக்க எதிர்ப்பக்கமே கணவர்.

நாலு வயதுப் பிள்ளையை ஜன்னலோரம் போடச் சொல்வது வேடிக்கை பார்க்க மட்டும் இல்லை. நடைபாதை ஓரத்தில் உட்காரும் குழந்தை கையைக் காலை வெளியே நீட்டும். உணவு வண்டி முழங்கையில் இடிக்கும். சுடச்சுடத் தேநீர்க் குவளை அதன் தலைக்கு மேலேதான் கைமாறும்.

குறுகிய பயணம் இரண்டுக்கும் மாமியாருக்கு மட்டும் நடைபாதை சீட் ஒன்று வாங்குங்கள். குழந்தைகளை ஒரு பெரியவரோடு சேர்ப்பது விதிப்படி நிறுவனத்தின் கடமை. உங்களோடு இரண்டு பேரும் வரலாம், அல்லது கணவரோடு வரலாம். ஒன்றேகால் மணி நேரத்துக்கு அது போதும். இங்கே ஒரு தப்பு அடிக்கடி நடக்கிறது. பெரியவருக்கு வசதியாக இருக்கட்டும் என்று மூன்றாம் வரிசையில் வாங்கிவிட்டு மற்றவர்களைத் தானாக வரும் சீட்டுக்கு விட்டுவிடுவார்கள். மூன்றாம் வரிசையில் பக்கத்து சீட்டுகளெல்லாம் விலை சீட்டுகள். கம்ப்யூட்டர் அங்கே உங்களுக்கு இலவசமாக இடம் தராது. மாமியார் முன்னால், குடும்பம் பின்னால் என்று ஆகிவிடும். இலவச சீட்டுகள் எங்கே அதிகம் கிடக்கின்றனவோ அந்தப் பகுதியிலேயே அவருடைய சீட்டையும் வாங்குங்கள்.

மூன்று, ஒன்று, ஒன்று, மூன்று: மொத்தம் எட்டு. வாங்குவதற்கு முன் இன்னொரு கணக்கும் போட்டுப்பாருங்கள். சில கட்டணத் திட்டங்களில் சாதாரண சீட்டும் சாப்பாடும் சேர்ந்தே வரும். அந்தத் திட்டத்துக்கும் அடிப்படைக் கட்டணத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஐந்தால் பெருக்கி, தனியாக சீட் வாங்கும் செலவோடு ஒப்பிடுங்கள். ஐந்து பேருக்குப் பெரும்பாலும் தனியாக வாங்குவதே மலிவாக இருக்கும். தேதி மாற்றும் வாய்ப்பு இருக்கிறதென்றால் கதை மாறும்.

வரிசை எண்ணிலும் ஒரு சூட்சுமம். ஏ320இல் 30 அல்லது 31 வரிசைகள் இருக்கும். அதன் நீண்ட வடிவமான ஏ321இல் அதற்கும் மேலே போகும். ஏ321 என்று நம்பி 35ஆம் வரிசையில் வாங்கியிருக்கும்போது, கடைசி நேரத்தில் ஏ320ஐ அனுப்பினால் உங்கள் வரிசையே இருக்காது. ஐந்து பேரையும் கிடைத்த இடத்தில் சொருகுவார்கள். 20க்கும் 28க்கும் இடையில் வாங்கினால் இந்த இரண்டில் எது வந்தாலும் வரிசை இருக்கும். அவசரவழி வரிசைகளைத் தொடவே வேண்டாம். 15 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும், கதவைத் திறக்க உடல்வலு இல்லாத முதியவர்களுக்கும் அங்கே அனுமதி இல்லை. கால்வைக்க இடம் இருக்கிறதே என்று மாமியாருக்கு வாங்கினால் ஏறும்போது எழுப்பிவிடுவார்கள். அவசரவழிக்கு நேர் முன்வரிசையில் சாய்மானம் சாயாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

மாமியாருக்குச் சக்கர நாற்காலி

மூட்டுவலி என்றால் கூச்சப்படாமல் கேளுங்கள். தனிக் கட்டணம் இல்லை. குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன் பிஎன்ஆரில் பதிவு செய்யுங்கள். பதிவு செய்யும்போது எந்த வகை என்று கேட்பார்கள். தூரம் நடக்க முடியாது, ஆனால் படி ஏறுவார் என்றால் டபிள்யூசிஎச்ஆர். படி ஏற முடியாது, விமானத்துக்குள் சீட் வரை நடப்பார் என்றால் டபிள்யூசிஎச்எஸ். சீட் வரை தூக்கிச் செல்ல வேண்டும் என்றால் டபிள்யூசிஎச்சி. இந்த எழுத்து சீட்டையும் பாதிக்கும். தானாக எழ முடியாத பயணியை, ஆபத்து நேரத்தில் மற்றவர்களின் வழியை மறிக்காதபடி ஜன்னலோரம் உட்காரவைப்பது பல நிறுவனங்களின் வழக்கம். உங்கள் மாமியார் எழுந்து நடப்பவர் என்றால், அவசரத்தில் கடைசி வகையைத் தேர்ந்தெடுத்துவிட்டு நடைபாதை சீட்டை இழக்காதீர்கள்.

வெப் செக்-இன் முதல் கேட் வரை

உள்நாட்டு விமானங்களுக்கு வெப் செக்-இன் பெரும்பாலும் 48 மணி நேரத்துக்கு முன் திறந்து, 60 நிமிடத்துக்கு முன் மூடும். திறந்த அன்றே ஐந்து பேரையும் ஒன்றாக டிக் செய்து, ஒரே தடவையில் முடியுங்கள். முதலில் இரண்டு பேர், கொஞ்ச நேரம் கழித்து மூன்று பேர் என்று செய்தால், அந்த இடைவெளியில் பக்கத்து சீட் போய்விடும். டெல்லியில் மாறும் விமானத்துக்கும் தனியாக சீட் உண்டு. முதல் போர்டிங் பாஸைப் பார்த்துத் திருப்திப்பட்டு இரண்டாவதைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள். விமானம் மாறியிருந்தால் நீங்கள் வாங்கிய சீட் எண்ணும் சத்தமில்லாமல் மாறியிருக்கும். பயணத்துக்கு மூன்று நாள் முன்னும், முந்தைய இரவும் ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது.

குழந்தை தனியாக விழுந்திருந்தால் அங்கேயே பணம் கட்டிச் சரிசெய்யத் தோன்றும். கட்டாதீர்கள். முதலில் வாடிக்கையாளர் எண்ணை அழைத்து இப்படிச் சொல்லுங்கள்: "எங்கள் பிஎன்ஆரில் 4 வயதுக் குழந்தை இருக்கிறது. அதற்குப் பெற்றோர் இல்லாத வரிசையில் சீட் வந்திருக்கிறது. டிஜிசிஏவின் 2024ஆம் ஆண்டு முதலாம் எண் விமானப் போக்குவரத்துச் சுற்றறிக்கைப்படி மாற்றித் தாருங்கள்." ஐந்து பேரையும் சேர்த்துப் போடச் சொல்லி ஆரம்பித்தால், முடியாது என்று முடித்துவிடுவார்கள். குழந்தைக்கு ஒரு பெரியவர் என்று கேட்டால் மறுக்க இடமில்லை. சேர்ந்து உட்காரும் மற்ற விருப்பங்களை அதற்குப் பிறகு கேளுங்கள்.

போனில் நடக்கவில்லை என்றால் விமான நிலையக் கவுண்டர். இரண்டரை மணி நேரம் முன்னாலேயே போய் நில்லுங்கள். வரைபடத்தில் நமக்கு அடைபட்டதாகத் தெரியும் சில சீட்டுகள் கவுண்டரில் இருப்பவரின் கட்டுப்பாட்டில் இருக்கும். கூட்டம் சேர்வதற்குள் கேட்டால் அவரிடம் கொடுக்க இடம் இருக்கும். பெட்டியை எடைபோட வைப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

அங்கேயும் முடியாதென்றால் கேட்டில் இருப்பவரைப் பாருங்கள். இந்த வாய்ப்பு பலருக்குத் தெரிவதில்லை. புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன் கவுண்டர் மூடியதும், செக்-இன் செய்யாதவர்களின் சீட்டுகள் காலியாகிவிடும். கேட் மூடுவது பெரும்பாலும் 25 நிமிடத்துக்கு முன். இடைப்பட்ட அந்த அரை மணி நேரத்தில் எந்தெந்த சீட் மிச்சம் என்பது கேட் ஊழியரின் திரையில் தெளிவாகத் தெரியும். வரிசை நீளுமுன் போய், போர்டிங் பாஸ்களைக் காட்டிக் கேளுங்கள்.

விமானத்துக்குள் போன பிறகு

இது கடைசி வழி. வாசலில் நிற்கும் ஊழியரிடம் முதலில் சொல்லிவிடுங்கள். மற்றவர் சீட்டில் உட்கார்ந்துகொண்டு அவர் வந்ததும் கேட்பது எரிச்சலைத்தான் வளர்க்கும். மாற்றிக்கொள்ளும் பேச்சு எப்போது படியும் என்றால், கொடுப்பது வாங்குவதைவிட நல்ல சீட்டாக இருக்கும்போது. ஜன்னலுக்கு ஜன்னல், நடைபாதைக்கு நடைபாதை, நடு சீட்டுக்கு எது கொடுத்தாலும் சரி. 29பியில் இருந்துகொண்டு 14சியைக் கேட்டால், அதுவும் அவர் காசு கொடுத்து வாங்கியதென்றால், மறுக்க அவருக்கு முழு உரிமை உண்டு. எனவே கணவரின் நடைபாதை சீட்டை அவருக்குக் கொடுத்து, உங்கள் நடு சீட்டைக் கணவர் எடுத்துக்கொள்வதுதான் நடைமுறை. கண்ணுக்குக் காலியாகத் தெரியும் வரிசைக்கு மாறக் கேட்டால், புறப்பட்ட பிறகு பார்க்கலாம் என்று சில நேரம் சொல்வார்கள். முன்பகுதி, நடுப்பகுதி, பின்பகுதியில் எத்தனை பேர் என்று கணக்கிட்டுத்தான் விமானத்தின் எடைச் சமநிலைத் தாளை விமானிக்குக் கொடுத்திருப்பார்கள். சென்னையிலிருந்து சேலம், தூத்துக்குடி போகும் ஏடிஆர்-72 போன்ற சிறிய விமானங்களில் ஐந்து பேர் பின்னாலிருந்து முன்னால் வந்தாலே அந்தக் கணக்கு மாறும்.

குழந்தையைப் பெற்றவரோடு உட்காரவைப்பது அழுகையை அடக்குவதற்காக மட்டும் என்று ஊழியர்களிலேயே சிலர் நினைக்கிறார்கள். மேலிருந்து ஆக்சிஜன் முகமூடி விழுந்தால் முதலில் நீங்கள் போட்டுக்கொண்டு, அடுத்த நொடி குழந்தைக்குப் போட வேண்டும். 12 வரிசை தள்ளி இருந்தால் போட ஆளில்லை. அவசரமாக வெளியேறும்போது தன் பிள்ளையைத் தேடி எதிர்த்திசையில் போகும் ஒரு தாய் மொத்த வழியையும் அடைத்துவிடுவார். பிரிட்டனின் விமானப் போக்குவரத்து ஆணையம், குழந்தையும் பெரியவரும் ஒரே வரிசையில் இருப்பதே நல்லது, முடியாவிட்டால் ஒரு வரிசைக்கு மேல் தள்ளிப்போகக்கூடாது என்று வழிகாட்டுவது இந்தக் காரணத்தைச் சொல்லித்தான். ஆகவே கேட்கும்போது தயங்க வேண்டாம். சலுகை கேட்பதாக நினைக்கவும் வேண்டாம்.

கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கும் வெளிநாடு போகிறவர்களுக்கும்

இரண்டு வயது நிறையாத குழந்தை பொதுவாக மடியில்தான் வரும். ஏ320 போன்ற விமானங்களில் மூன்று சீட்டுக்கு மேலே நான்கு ஆக்சிஜன் முகமூடிகளே உண்டு. கூடுதலான அந்த ஒன்று கைக்குழந்தைக்கு. அதனால் மூன்று சீட் கொண்ட ஒரு பக்கத்தில் ஒரு கைக்குழந்தைக்கு மேல் அனுமதிக்க மாட்டார்கள். இரட்டைக் குழந்தைகளின் பெற்றோர் 18பி, 18சி என்று வாங்கினால் பிரித்துவிடுவார்கள். 18சி, 18டி என்று நடைபாதைக்கு இருபக்கமும் வாங்குங்கள். போகும்போது 23 மாதம், திரும்பும்போது இரண்டு வயது நிறைந்துவிடும் என்றால் திரும்பும் பயணத்துக்குத் தனி சீட் வாங்கியே ஆகவேண்டும்.

அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் பெரிய விமானத்தில் போகிறவர்கள், தொட்டில் சீட்டை இணையத்தில் தேட வேண்டாம். தடுப்புச் சுவரை ஒட்டிய அந்த முன்வரிசையை நிறுவனமே ஒதுக்கும். குழந்தையின் எடையைச் சொல்லிப் போனில் கேளுங்கள். ஒரு நிறுவனத்தில் டிக்கெட் வாங்கி இன்னொரு நிறுவனத்தின் விமானத்தில் ஏறும் ஏற்பாடாக இருந்தால், விமானத்தை உண்மையில் இயக்கும் நிறுவனத்தின் பிஎன்ஆரை வாங்கி அவர்களுடைய தளத்தில் சீட்டைப் பாருங்கள். முதல் நிறுவனத்தில் போட்ட சீட் அங்கே போய்ச் சேராமல் இருப்பது சாதாரணமாக நடக்கிறது. அமெரிக்க உள்நாட்டு விமானங்களுக்கு, 13 வயதும் அதற்குக் குறைவும் உள்ள குழந்தையைப் பெரியவரோடு கட்டணமின்றி உட்காரவைக்க எந்தெந்த நிறுவனம் உறுதி தந்திருக்கிறது என்று அந்நாட்டுப் போக்குவரத்துத் துறை 2023இல் ஒரு பட்டியலை வெளியிட்டது. டிக்கெட் எடுக்குமுன் அதைப் பார்க்கலாம்.

எல்லாம் செய்தும் குழந்தையைத் தனியாக உட்காரவைத்தால்

அந்த நேரத்திலேயே ஆதாரம் சேருங்கள். ஐந்து போர்டிங் பாஸ்களையும் வரிசை எண் தெரியும்படி ஒரே படமாக எடுங்கள். எந்தக் கவுண்டரில், எத்தனை மணிக்குக் கேட்டீர்கள், என்ன பதில் சொன்னார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஊர் திரும்பியதும் முதல் புகார் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு. பதில் வராவிட்டால், புகார்களைக் கவனிக்க நிறுவனம் வைத்திருக்கும் நோடல் அதிகாரிக்கு, அதற்கும் மேலே மேல்முறையீட்டு அதிகாரிக்கு. இவர்களின் மின்னஞ்சல் நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கும். அதற்கடுத்து மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளம். புகாரில் பிஎன்ஆர், விமான எண், தேதி, குழந்தையின் வயது, ஒதுக்கிய சீட் எண்கள் ஆகியவற்றை முதல் நான்கு வரியிலேயே கொடுங்கள். பெற்றோரோடு சீட் ஒதுக்கியதற்கான பதிவை வைத்திருக்க வேண்டும் என்று சுற்றறிக்கை சொல்கிறதல்லவா? உங்கள் பிஎன்ஆருக்கான அந்தப் பதிவைக் காட்டும்படி கேட்டு எழுதுங்கள். நிறுவனம் தானாகவே விமானத்தை மாற்றி, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சீட்டைத் தராமல் போயிருந்தால், அந்தச் சீட்டுக் கட்டணத்தையும் தனியாகக் குறிப்பிட்டுத் திருப்பிக் கேளுங்கள். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலந்து எழுதினால் பணத்துக்கு மட்டும் பதில் சொல்லி மற்றதை மூடிவிடுவார்கள்.